பள்ளி விடுமுறை மீண்டும் மழைக்காலத்தில்: குடும்பத்தோடு எங்கே தங்குவது?

2022 முதல் நான்கு ஆண்டுகளாக மார்ச், பிப்ரவரி என்று தள்ளித் தள்ளித் தொடங்கிய பள்ளித் தவணை, 2026-இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. அதோடு பிள்ளைகளின் நீண்ட விடுமுறையும் பழையபடி ஆண்டிறுதிக்கு வந்துவிட்டது. பெற்றோர் பலருக்கு இது நல்ல செய்திதான். ஆனால் நாட்டில் பாதிக் கடற்கரை மூடிக் கிடக்கும் மாதமும் அதே டிசம்பர்தான்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூரின் கிழக்குப் பகுதி ஆகியவை அதன் முதல் அடியை வாங்குகின்றன. பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளில் பெரும்பாலான தங்கும் விடுதிகள் இக்காலத்தில் கதவடைத்துவிடும். கடல் கொந்தளிப்பில் படகும் ஓடாது. 2024 நவம்பர் இறுதியில் வந்த வெள்ளத்தில், கிளந்தானிலும் திரங்கானுவிலும் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் நிவாரண மையங்களுக்கு மாற்றப்பட்டனர்.

கிழக்கு அடைபட்டால் கூட்டம் முழுவதும் மேற்குக்கும் மலைக்கும் திரும்புகிறது. பினாங்கு, லங்காவி, போர்ட்டிக்சன், கேமரன் மலை என்று நாலைந்து இடங்களுக்கே எல்லாரும் போட்டி போடுகிறார்கள். அறை வாடகை ஏறுகிறது. 2024 மார்ச் 1 முதல் தங்குமிடச் சேவை வரியும் 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகி இருக்கிறது. வரி பதிவு பெற்ற ஹோட்டலில் மூன்று இரவுக்கு 900 வெள்ளி அறை என்றால் வரி மட்டும் 72 வெள்ளி. ஓர் இரவுக்கு 10 வெள்ளி என்ற சுற்றுலா வரி வெளிநாட்டினருக்கு மட்டுமே. மலேசியரிடம் அதைக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

தாத்தா பாட்டியோடு எட்டுப் பத்துப் பேர் ஒரே வேனில் கிளம்பும் தோட்டக் குடும்பத்துக்கு ஹோட்டல் கட்டுப்படியாகாது. மூன்று அறை எடுக்க வேண்டும், மூன்று வேளையும் கடையில் சாப்பிட வேண்டும். அதனால்தான் அடுப்படியோடு கூடிய ‘ஹோம்ஸ்டே’ வீட்டைத் தேடுகிறார்கள். அரசு 1995-இல் தொடங்கிய ஹோம்ஸ்டே திட்டத்தின் பொருளே வேறு. கிராமத்து வீட்டில் அந்தக் குடும்பத்தாரோடு சேர்ந்து தங்குவது அது. இன்று நாம் அப்படி அழைக்கும் பல வீடுகள் வெறும் வாடகை வீடுகள். அவற்றில் எது உரிமம் பெற்றது, எது பெறாதது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 2022 டிசம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில், விடுமுறைக் காலத்தில், பத்தாங்காலியில் ஒரு முகாம் தளத்தின்மீது மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள். பிள்ளைகளும் அதில் அடக்கம். முகாம் நடத்த அங்கே உரிமம் இல்லை என்று அதிகாரிகள் பிறகுதான் தெரிவித்தனர். சரிவின் கீழே கூடாரம் போட்டுத் தூங்கியவர்களுக்கு அது முன்பே தெரிய வழியிருந்ததா என்பதுதான் கேள்வி. உரிமம் என்பது வெறும் காகிதம் அல்ல. அந்த நிலத்தையும் கட்டடத்தையும் யாரோ ஒருவர் வந்து பார்த்திருக்கிறார் என்பதற்கான அடையாளம்.

அடுக்குமாடி வீடுகளில் வேறொரு தொல்லை. குறுகிய கால வாடகைக்கு விடுவதைக் கட்டட நிர்வாகம் தன் விதிமுறையால் தடுக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. ஆகவே வீட்டு உரிமையாளர் சரி என்றாலும் காவல் சாவடியில் உங்களை நிறுத்தலாம். பணம் கட்டும் முன் “இங்கே நிர்வாகம் அனுமதிக்கிறதா?” என்று ஒரு வார்த்தை கேட்பது, இரவு பத்து மணிக்குக் குழந்தைகளோடு தெருவில் நிற்பதைத் தவிர்க்கும். சில வீடுகளில் சமையலுக்குக் கட்டுப்பாடு இருக்கும், சில முஸ்லிம் குடும்பங்களுக்கு மட்டும் என்றிருக்கும். அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

அப்படியானால் டிசம்பரில் எங்கே போகலாம்? வானிலையைப் பொறுத்தவரை வடமேற்கு மூலையே தோதானது. லங்காவியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. பினாங்கிலும் பெருமழை செப்டம்பர், அக்டோபரோடு பெரும்பாலும் அடங்கிவிடும். தைப்பிங், ஈப்போ போன்ற ஊர்களில் தங்கிச் சுற்றிப் பார்ப்பது, கடலோரத்திலேயே அறை எடுப்பதைவிடப் பையைக் கடிக்காது. தைப்பிங்கில் மழை உண்டு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. கேமரன் மலைக்குப் போவோர் சாலையோரச் சரிவை ஒட்டிய வீடுகளைத் தவிர்ப்பதும், தாப்பா, சிம்பாங் பூலாய் சாலைகளின் நிலவரத்தைக் கிளம்பும் அன்று காலையில் பார்ப்பதும் அவசியம். சரவாக்கில் கூச்சிங் பகுதிக்கு ஜனவரியே மழை மிகுந்த மாதம். மேற்குக் கரை என்பதாலேயே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரைவரை தண்ணீர் ஏறியதை யாரும் மறந்திருக்க முடியாது.

கிழக்குக் கரைத் தீவுகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்போர் ஆண்டு நடுவில் வரும் குறுகிய விடுமுறையை அதற்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம். கடலும் அமைதியாக இருக்கும்.

இன்னொரு கண்ணி மோசடி. அழகான படம், மலிவான விலை, ‘இன்றே முன்பணம் கட்டினால்தான் இடம்’ என்ற அவசரம் மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். போலீசின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணைச் சோதித்துப் பார்க்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். சொன்ன வசதி இல்லாமல் ஏமாற்றிய வணிகர்மீது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளிவரை கோரலாம்.

குடும்பங்கள் கவனமாக இருப்பது ஒரு பக்கம். மறுபக்கம், உரிமம் பெற்ற வீடுகள், முகாம்களின் பட்டியலை ஒவ்வோர் ஊராட்சி மன்றமும் கைப்பேசியில் எளிதாகத் தேடும்படி வெளியிட வேண்டும். மலேசியாவுக்கு வருகை புரியும் ஆண்டு 2026 என்று உலகத்தையே அழைக்கும் நாட்டில், ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த பணத்தோடு கிளம்பும் உள்ளூர்த் தொழிலாளியின் குடும்பமும் நம்பித் தூங்க ஓர் இடம் இருக்க வேண்டும்.