33 லட்சம் நர்ஸ் எங்கப்பா? ஒரு பி.காம். பையனின் ஸ்டாக் டேக்கிங்

முதல்லயே சொல்லிடறேன், நான் நர்சிங் படிக்கிறவன் இல்லை. உடன்குடிக்காரன், பி.காம். டெபிட், கிரெடிட், பேங்க் ரிகன்சிலியேஷன், இதுதான் நமக்குத் தெரிஞ்ச உலகம். "உனக்கு எதுக்குடா ஆஸ்பத்திரி விஷயம்?"னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில்தான். கணக்கு இடிச்சா, அது யார் வீட்டுக் கணக்கா இருந்தாலும் எனக்குக் கை அரிக்கும்.

மேட்டர் இதுதான். நாட்டில் எத்தனை நர்ஸ் இருக்காங்கன்னு பாராளுமன்றத்தில் கேட்டதுக்கு மத்திய சுகாதாரத் துறை கொடுத்த பதில்: இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி 2021 டிசம்பர் 31 வரைக்கும் சுமார் 33.41 லட்சம் பேர் பதிவு செஞ்சிருக்காங்க, 1000 பேருக்கு 1.96 நர்ஸ். பேப்பர்காரங்களும் அப்படியே போட்டாச்சு.

இப்போ கால்குலேட்டரை எடுங்க. 33.41 லட்சம் நர்ஸ், 1000 பேருக்கு 1.96ன்னா மக்கள் தொகை எவ்வளவு வரணும்? 170 கோடி! இந்தியாவில் ஏதுங்க 170 கோடி? சரி, 33.41 லட்சத்தில் 80 சதவீதம் மட்டும் எடுத்துப் பாருங்க. 26.73 லட்சம். இதை வெச்சு வகுத்தா 136 கோடி. ஆங்... உக்காந்துருச்சு. டாக்டர்களைப் பத்தி சொல்லும்போது "பதிவு செஞ்சவங்கள்ல 80 சதவீதம் பேர் கிடைக்கறாங்கன்னு வெச்சுக்கிட்டா" 834 பேருக்கு ஒரு டாக்டர்னு (ஆயுஷ் டாக்டர் 5.65 லட்சத்தையும் சேர்த்து) அவங்களே வெளிப்படையா சொன்னாங்க. நர்ஸ் கணக்கிலும் அதே 80 தான் உள்ளே உக்காந்திருக்குன்னு வகுத்துப் பார்த்தாலே தெரியுது.

"வெச்சுக்கிட்டா"! எங்க அக்கவுண்டன்சி சார்கிட்ட இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டைக் கொண்டுபோனா பேப்பரைக் கிழிச்சு மூஞ்சில எறிவாரு. வாராக்கடனுக்கு 20 சதவீதம் ஒதுக்கணும்னாலும் பழைய லெட்ஜரைப் புரட்டி, யாரு தந்தான், யாரு ஏமாத்தினான்னு பார்த்துட்டுத்தான் ஒதுக்குவோம். இங்கே டாக்டருக்கும் 80, நர்ஸுக்கும் 80. கல்யாணமாகி வேலையை விட்ட பெண்கள் எத்தனை பேர், துபாய்க்குப் போனவங்க எத்தனை பேர், சம்பளம் கட்டுப்படியாகாம ஜவுளிக்கடையில் நிக்கறவங்க எத்தனை பேர்? எல்லாம் அந்த 20க்குள்ள அடங்கிருச்சாம்.

பதிவேட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. சென்னை சாந்தோமில் இருக்கிற தமிழ்நாடு நர்ஸுகள் கவுன்சில் 1926ஆம் வருஷத்துச் சட்டத்தில் பிறந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947. அந்தப் பதிவேடுகள் பிறந்ததே "இவருக்குத் தகுதி இருக்கு"ன்னு சொல்லத்தான். "இவர் இன்னிக்கு வேலையில் இருக்கார்"னு சொல்ல இல்லை. ஒருத்தர் இறந்துபோனா வீட்டுக்காரங்க ரேஷன் கார்டில் பேர் நீக்குவாங்க, சாந்தோமுக்குக் கடிதம் எழுதுவாங்களா? ஏ.என்.எம். முடிச்சவர் அப்புறம் ஜி.என்.எம். படிக்கிறார். தமிழ்நாட்டில் பதிஞ்சவர் டெல்லி போய் அங்கேயும் பதியறார். சரக்கு வந்தா மட்டும் எழுதி, வெளியே போனா எழுதாத ஸ்டாக் புக் எப்படி இருக்கும்? குடோன் எப்பவும் நிறைஞ்சேதான் இருக்கும் :)

இதைச் சரிபண்ணத்தான் ஆதாரோட இணைச்சு ஒவ்வொரு நர்ஸுக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுக்கும் திட்டத்தை இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்தது. நல்ல விஷயம், பாராட்டறேன். ஆனா ஒரே ஆளை ரெண்டு தடவை எண்ணாம இருக்க மட்டும்தான் எண் உதவும். அந்த ஆள் என்ன செய்யறார்னு கேட்டு வாங்கினாத்தானே தெரியும்?

உண்மை நிலவரம் எவ்வளவு இடிக்குதுன்னு 2021ல் அனுப் கரண் உள்ளிட்ட ஆய்வாளர்கள் போட்டுக் காட்டினாங்க. பதிவுக் கணக்குப்படி 2018ல் நர்ஸ், மிட்வைஃப் 23.4 லட்சம் பேர். வீடு வீடாப் போய் எடுத்த 2017-18 தேசிய மாதிரி சர்வேயில் "நான் இந்த வேலை செய்யறேன்"னு சொன்னவங்களை வெச்சு மதிப்பிட்டா 14 லட்சம். 10,000 பேருக்கு 17.7 நர்ஸ்னு சொன்னது 10.6 ஆச்சு. அதிலும் முறையான படிப்பு இருக்கிறவங்களை மட்டும் எடுத்தா? 6. அதாவது மூணில் ஒரு பங்கு. டாக்டர், நர்ஸ், மிட்வைஃப் எல்லாரையும் சேர்த்து 10,000 பேருக்கு 44.5 வேணும்ங்கறது உலக சுகாதார நிறுவனம் வெச்ச அளவு. நாம நிக்கற இடத்தை நீங்களே பார்த்துக்கங்க.

அந்த 10.6க்கும் 6க்கும் நடுவில் இருக்கிறவங்க யாருன்னு எங்க ஊர்க்காரங்களுக்கு ஈஸியா புரியும். உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைச்சது. ஏன் கேட்டு வாங்கினோம்? சீனி கலந்த கருப்பட்டியும் தராசில் அதே எடைதான் காட்டும். ஆஸ்பத்திரியில் வெள்ளை யூனிஃபார்ம் போட்டு ஊசி போடற பிள்ளைகளில் எத்தனை பேர் படிச்ச நர்ஸ், எத்தனை பேர் ஆறு மாசம் கூட நின்னு பழகினவங்க? அந்தப் பிள்ளைகள் மேல தப்பே இல்லை, குறைச்ச சம்பளத்துக்குக் கிடைக்கிறாங்கன்னு வெச்சுக்கிறவங்க தப்பு. ஆனா எண்ணும்போது பிரிச்சு எண்ணணுமா இல்லையா?

வெளிநாட்டுக் கணக்கு இன்னும் கொடுமை. 2014ல் ஈராக்கின் திக்ரித்தில் சிக்கி ஜூலையில் கொச்சி வந்து இறங்கின 46 நர்ஸுகளை ஞாபகம் இருக்கா? 45 பேர் கேரளா, ஒருத்தர் நம்ம தூத்துக்குடி. அதுக்கப்புறம் 2015ல் அரசு ஒரு விதி போட்டுது. குடியேற்ற அனுமதி தேவைப்படற 18 நாடுகளுக்கு நர்ஸ் போகணும்னா இ-மைக்ரேட் வழியாத்தான், அரசு அமைப்புகள் மூலமாத்தான் போகணும். சரி, அந்த 18 நாட்டுக்காவது ஒரு கணக்கு வந்தது. பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி? அது அந்தப் பட்டியலிலேயே இல்லை. இந்தியாவில் படிச்ச நர்ஸ் எத்தனை பேர் பிரிட்டன் பதிவேட்டில் இருக்காங்கன்னு பிரிட்டன் கவுன்சில் வருஷத்துக்கு ரெண்டு தடவை வெளியிடுது. நம்ம வீட்டுப் பிள்ளைங்க எங்க போச்சுன்னு பக்கத்து வீட்டு நோட்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்கற நிலைமை!

"கணக்கு தெரியாட்டி இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?" முழுகித்தான் போச்சு. எங்க பெரியம்மா மக, எனக்கு அக்கா முறை. உலகமே நர்ஸுக்கு ஏங்குதுன்னு நோட்டீஸ் அடிச்சுக் குடுத்த ஒரு காலேஜில் கல்விக் கடன் வாங்கி ஜி.என்.எம். முடிச்சா. இப்ப ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கைக்கு 12,000 ரூபாய். ராத்திரி ஷிஃப்டில் வார்டில் இருபது பேருக்கு இவ ஒருத்தி. (சாதாரண ஆஸ்பத்திரி வார்டில் அஞ்சு நோயாளிக்கு ஒரு நர்ஸ்ங்கறது கவுன்சில் சொல்ற அளவு.) சம்பளம் கூட்டிக் கேட்டா "வெளிய நாலு பேர் காத்துக்கிட்டு நிக்காவ"ன்னு பதிலாம். என்கிட்ட ஒருநாள் கேட்டா: "ஏல, நீ கணக்குப் படிக்கவன்லா? காலேஜில சேரும்போது நர்ஸே இல்லைன்னாவ. வேலை கேக்கும்போது நர்ஸ் நெறைய இருக்காவன்னு சொல்லுதாவ. எதுல நெசம்?"

இந்தக் கேள்விக்கு எந்த அரசு அறிக்கையிலும் விடை இல்லை. விடை இல்லாததில்தான் சில பேருக்கு லாபம். சீட் விக்கணும்னா பற்றாக்குறை, சம்பளம் குறைக்கணும்னா உபரி.

தனியார் ஆஸ்பத்திரி சம்பளத்துக்கு உச்ச நீதிமன்றம் சொல்லி 2016ல் ஒரு கமிட்டி போட்டாங்க. 50 படுக்கைக்குக் கீழே இருக்கிற ஆஸ்பத்திரியில்கூட 20,000க்குக் குறையக்கூடாதுன்னு அது பரிந்துரை செஞ்சது. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நர்ஸ், என்ன சம்பளம்னு ஒரே படிவத்தில் வருஷா வருஷம் வாங்காம இதை யார் எப்படி சரிபார்க்கறது? அரசு வெளியிட்டுவந்த கிராமப்புற சுகாதாரப் புள்ளிவிவரத்தில் அனுமதிச்ச இடம், நிரப்பின இடம், காலி இடம் எல்லாம் அழகா இருக்கும், ஆனா அத்தனையும் அரசு நிலையங்கள். அக்கா வேலை பார்க்கிற மாதிரி இடம் அதில் வராது.

அரசு மட்டும் என்ன ஒழுங்கு? 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 நர்ஸ் இடத்துக்குத் தேர்வு வெச்சது. மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவங்க சென்னையில் போராட்டத்துக்கு உக்கார வேண்டியிருந்தது. கொரோனாவுக்கு எடுத்த தற்காலிக நர்ஸுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்களை 2022 டிசம்பர் 31ஓட வீட்டுக்கு அனுப்பினாங்க. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 1,570 கோடியில் 157 புது நர்சிங் கல்லூரிக்கு ஒப்புதல் கொடுத்தது, தமிழ்நாட்டுக்கு 11. எந்த அடிப்படையில் இடம் தேர்ந்தெடுத்தாங்க? 2014க்கு அப்புறம் வந்த மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில். டாக்டர் காலேஜ் எங்கயோ அங்க நர்ஸ் காலேஜ். எந்த மாவட்டத்தில் நர்ஸ் குறையுதுங்கற கேள்வி அங்கே வரவே இல்லை.

எண்ணத் தெரியாத நாடு இல்லீங்க இது. நம்ம கடலில் 1961 வரைக்கும் முத்துக்குளிப்பு நடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சும்மா கொம்பு ஊதி ஆளைக் கடலில் இறக்கிட மாட்டாங்க. முதல்ல ஒவ்வொரு பாரா போய், மாதிரிக்குச் சிப்பி எடுத்து, வயசு பார்த்து, அதில் கிடைச்ச முத்துக்கு விலை போட்டு, லாபம் வரும்னு தெரிஞ்சாத்தான் அறிவிப்பு. சிப்பிக்குக் கிடைச்ச மரியாதை நர்ஸுக்கு இல்லை.

கேக்கறது ஒண்ணும் ராக்கெட் விடற வேலை இல்லை (அதுக்கு குலசேகரப்பட்டினத்தில் தனியா இடம் ஒதுக்கியாச்சு). பதிவைப் புதுப்பிக்க வரும்போது ஒரு பக்கப் படிவம். வேலையில் இருக்கீங்களா? எந்த மாவட்டம்? அரசா, தனியாரா? நிரந்தரமா, ஒப்பந்தமா? வாரம் எத்தனை மணி நேரம்? வேலையில் இல்லைன்னா ஏன்? இதே மாதிரி ஆஸ்பத்திரிகளிடம் எத்தனை இடம், எத்தனை பேர், வருஷத்தில் எத்தனை பேர் விட்டுட்டுப் போனாங்க. காலேஜ்களிடம் எத்தனை பேர் சேர்ந்தாங்க, முடிச்சாங்க. முக்கியமான விஷயம், மூணு இடத்திலும், எல்லா மாநிலத்திலும் "நர்ஸ்"னா ஒரே அர்த்தம் இருக்கணும். இல்லாட்டி கூட்டவே முடியாது. அமெரிக்காவில் 1977லிருந்து பதிவு பெற்ற நர்ஸுகளிடம் மாதிரி சர்வே எடுக்கறாங்க. 1947 சட்டத்துக்குப் பதிலா நம்ம பாராளுமன்றம் 2023ல் நர்சிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டத்தை நிறைவேத்திருச்சு. தேசியப் பதிவேடு, மாநிலப் பதிவேடு எல்லாம் அதில் இருக்கு. அந்தப் பதிவேட்டில் இந்தக் கட்டங்களையும் சேர்க்க என்ன செலவு ஆகிடும்?

"நர்ஸ் ஏற்கனவே ரெஜிஸ்டர் எழுதியே சாகுது, இன்னும் ஒரு படிவமா?"ன்னு ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பிக்மியில் ஏத்தறாங்க, ஒவ்வொரு தடுப்பூசியையும் எழுதறாங்க. ஊரையே எண்ணறவங்களை எண்ண ஒரு பக்கம் போதும், அதுவும் சில வருஷத்துக்கு ஒரு தடவை. பேர் வெளியே வரக்கூடாது, மாவட்டக் கூட்டுத்தொகை மட்டும் எல்லாரும் பார்க்கிற மாதிரி வரணும். சம்பள விவரத்தை ஆஸ்பத்திரிதான் தரணும், நர்ஸ் தலையில் கட்டக்கூடாது.

அதுவரைக்கும், ப்ளஸ் டூ முடிச்ச தங்கச்சியை நர்சிங் காலேஜில் சேர்க்கப் போறவங்க ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி அங்க ஒரு கேள்வி கேளுங்க: மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்க முடிச்ச பேட்ச்சில் எத்தனை பேர் இன்னிக்கு நர்ஸா வேலை பார்க்கறாங்க, எங்கே, என்ன சம்பளத்துக்கு? எழுத்தில் கேளுங்க.