அறுபதுக்கு ஒரு மாசம் குறைச்சல்

எனக்கு 60 வயது முடிந்தது 2020 ஏப்ரலில். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை ரயில்வே நிறுத்தியது 2020 மார்ச் 20-ல். என் ஜாதகம் அவர்கள் கையில் எப்படிச் சிக்கியதோ தெரியவில்லை. கிழவனாவதில் இருக்கிற ஒரே லாபம் இதுதான் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். வாசல்படியில் கால் வைக்கும்போது கதவைச் சாத்திவிட்டார்கள்.

கொரோனா நேரம், வயசானவர்கள் அநாவசியமாக ஊர் சுற்ற வேண்டாம் என்றார்கள். நியாயம்தான். கொரோனா போய்விட்டது, சலுகைதான் திரும்பி வரவில்லை.

ஆண்களுக்கு 60 வயதில் நாற்பது சதவிகிதம், பெண்களுக்கு 58-லேயே பாதிக்குப் பாதி. அதனால் என் மனைவி 2019-லேயே மூத்த குடிமகள் ஆகிவிட்டாள். ஒரே ஒரு தடவை பாதிக் கட்டணத்தில் கோவில்பட்டிக்குப் போய்வந்தாள். இன்று வரை அந்தப் பெருமை தாங்கவில்லை. "உங்களுக்குக் கொடுத்து வைக்கலை" என்கிறாள், காசிக்குப் போய்வந்தவள் மாதிரி.

காலை நடைக்கு என்னோடு ஒரு நண்பர் வருவார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் என் பழைய சம்பளத்தைவிட அதிகம். "நாம என்ன பிச்சையா கேக்கறோம் சார்? நாற்பது வருஷம் வரி கட்டியிருக்கோம்" என்று தினமும் பூங்காவை மூன்று சுற்று சுற்றுவதற்குள் முழங்குவார். நானும் தலையாட்டுவேன். 2017-ல் 'சலுகை வேண்டாம்' என்று தானாகவே விட்டுக்கொடுக்க ஒரு வசதி வைத்திருந்தார்கள். முழுசாகவும் விடலாம், பாதியாகவும் விடலாம். "நீங்க விட்டுக்கொடுத்தீங்களா?" என்று கேட்டேன். "நான் வீட்லயே விட்டுக்கொடுக்கறதில்ல சார்!"

ஒருநாள் வேலையில்லாமல் கணக்குப் போட்டுப் பார்த்ததில்தான் வம்பு ஆரம்பித்தது. ஏசியில் அடிப்படைக் கட்டணம் 1,000 ரூபாய் என்றால் நண்பருக்குக் கிடைப்பது 400. பொதுப்பெட்டியில் 100 ரூபாய்க்குத் தொங்கிக்கொண்டு போகிற கிழவருக்கு 40. அதாவது மெத்தை தடிமனாக ஆக ஆக தள்ளுபடியும் தடிமன். சதவிகிதக் கணக்கில் ஏதோ ஓர் இடத்தில் தர்மம் நழுவுகிறது. 2022-ல் நாடாளுமன்ற நிலைக்குழு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலுமாவது சலுகையைத் திருப்பிக் கொடுக்கப் பரிசீலிக்கலாம் என்றது. எனக்கு அது சரியாகப் பட்டது. 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம், எல்லாருக்குமே 46 சதவிகிதம் சலுகைதான் என்று ரயில்வே அமைச்சர் 2024-ல் சொன்னார். சரி, அந்த 46-லும் ஏசிக்காரருக்கு எவ்வளவு, பொதுப்பெட்டிக்காரருக்கு எவ்வளவு?

வீட்டுக்கு வந்து அறிவித்தேன்: "வசதி உள்ளவங்களுக்குச் சலுகை தேவையில்லை. நமக்கும் வேண்டாம்."

மனைவி அரிசி பொறுக்குவதை நிறுத்தினாள்.

"யாருக்கு வசதி? உங்களுக்குப் பென்ஷன் வருது. எனக்கு என்ன வருது?"

"நம்ம பணம்தானே..."

"நம்ம பணம்தான். எடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும். என்ன, எதுக்கு, இப்பதானே போனேன்னு நாலு கேள்வி வரும். அந்தக் கோவில்பட்டி டிக்கெட் நான் டப்பாவுல சேர்த்த காசுல எடுத்தது. பாதி விலைங்கறதால டப்பாவே போதுமா இருந்துச்சு. அக்காவை யாரையும் கேக்காம பார்த்துட்டு வந்தேன்."

அந்த அக்கா 2021-ல் போய்விட்டார்.

நான் கணக்குப் போட்ட காகிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். குடும்பத்தின் வசதியைத்தான் நான் கணக்கில் எடுத்திருந்தேன். அதற்குள் ஒரு டப்பா இருப்பது எனக்குத் தெரியாது.

சென்னை சாதாரணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. 60 தாண்டிய எங்களுக்கு 2016-லிருந்தே மாதம் பத்து டோக்கன். பத்தாவது டோக்கன் தீர்ந்த பிறகு நான் கணக்குப் பார்த்து ஏறுகிறேன். அவள் அந்தப் பக்கம் மயிலாப்பூர், இந்தப் பக்கம் திருவான்மியூர் என்று ராணி மாதிரி போய்வருகிறாள்.

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் பாதி இல்லை, முதுகு வளைந்துவிட்டது. முதியோர் உதவித்தொகையை 2023 ஆகஸ்டில் மாநில அரசு 1,200 ரூபாய் ஆக்கியதும், "வாங்கறீங்களாம்மா?" என்று கேட்டேன். (அந்தத் தொகையில் 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200. 2007-லும் அதே 200-தான். அதில் இன்றைக்கு எத்தனை கட்டுக் கீரை வரும் என்று அந்த அம்மாவே சொல்வார்.)

"எங்க சார்? ஆதார்ல எனக்கு அம்பத்தி நாலுன்னு போட்டு வெச்சிக்கிறாங்க."

"நீங்க சொல்லலையா?"

"எனக்கே தெரியாது சார். எழுத வந்த புள்ள மூஞ்சியப் பாத்து குத்துமதிப்பா போட்டுச்சி. அப்போ கொஞ்சம் நல்லா இருந்தேன்."

மூத்த பையனுக்கே ஐம்பது ஆகப்போகிறதாம். பிறந்த தேதியைத் திருத்தக் காகிதம் வேண்டும். அவர் பிறந்த குடிசையில் காகிதமே இருந்திருக்காது. எனக்கோ பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான் கார்டு, பாஸ்போர்ட் என்று கிழவன் என்பதற்கு அத்தாட்சி பீரோ நிறைய இருக்கிறது. எழுதிக் கொடுக்கிறேன், தாசில்தார் ஆபீசுக்குப் போகலாம் என்றேன். ரயில் சலுகை எனக்கு ஒரு மாசத்தில் தவறிய கதையையும் ஆறுதலுக்காகச் சொன்னேன்.

கீரைக்காரம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டார்:

"அப்போ உங்க அறுவதை என்னாண்ட குடுத்துடேன் சார். உனக்கு சும்மாதானே கெடக்குது?"