மிஹிர போஜர் என்ன சாதி?

நொய்டா, கிரேட்டர் நொய்டா பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு தாத்ரி தெரியாமல் இருக்காது. 2021 செப்டம்பரில் அங்கே ஒரு கல்லூரியில் மன்னர் மிஹிர போஜருக்குச் சிலை வைத்தார்கள். முதல்வர் யோகி ஆதித்யநாத் வந்து திறந்தார். சிலை மேல் யாருக்கும் கோபம் இல்லை. பலகையில் 'குர்ஜர்' என்ற வார்த்தை இருக்கலாமா, கூடாதா? ரகளை அதற்குத்தான். எங்க ராஜா என்றார்கள் குஜ்ஜர்கள். இல்லை, அவர் பரிஹார் ராஜபுத்திரர், எங்க ராஜா என்றார்கள் தாக்கூர்கள். அதே மாதம் குவாலியரிலும் இதே கூத்து. பலகையை மூடி வைக்கச் சொல்லி நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. 2023-ல் ஹரியானாவின் கைத்தலில் மறுபடியும்.

என்னைக் கேட்டால் இரண்டு தரப்புமே அந்த ராஜாவை அவமானப்படுத்துகிறார்கள்.

முதலில் அவர் வம்சம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டது என்று பார்ப்போம். போஜரின் குவாலியர் கல்வெட்டு, ராமனுக்கு வாயில் காத்த லட்சுமணன் வழி வந்தவர்கள் நாங்கள் என்கிறது. பிரதிஹாரர் என்றால் வாயில் காப்பவர். குர்ஜரர் என்ற சொல்லே அதில் இல்லை. மண்டோரை ஆண்ட இன்னொரு பிரதிஹாரக் கிளையின் 837-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதைவிட சுவாரசியம். எங்கள் மூதாதை ஹரிச்சந்திரன் ஒரு பிராமணன், அவருக்கு இரண்டு மனைவி என்கிறது. பிராமண மனைவியின் பிள்ளைகள் பிராமணப் பிரதிஹாரர்கள். க்ஷத்திரிய மனைவி பத்ராவின் பிள்ளைகள் மது அருந்துபவர்கள், நாடாண்டவர்கள். நம் ஊர் சாதிச் சங்கத் தலைவர் யாராவது இப்படி எழுதிக்கொள்வாரா?

சரி, குர்ஜர் என்பது கட்டுக்கதையா? அதுவும் இல்லை. ராஷ்டிரகூடர்கள் இவர்களை குர்ஜரர் என்றுதான் எழுதினார்கள். அரபு பயணிகளுக்கு இவர்கள் நாடு 'ஜுர்ஸ்'. ராஜோர்கட்டில் கிடைத்த 960-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஒரு சிற்றரசன் தன்னை 'குர்ஜர பிரதிஹாரன்' என்றே சொல்கிறான். ஆனால் குர்ஜரம் என்பது பின்மாலைச் சுற்றியிருந்த ஒரு நாட்டின் பெயரும்கூட. ஆளைக் குறித்ததா, நாட்டைக் குறித்ததா என்று அறிஞர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக வாதாடுகிறார்கள். அதை ஒரு பெயிண்ட் டப்பாவால் தீர்க்க முடியுமா?

அபு மலை யாகத்தீயில் பிரதிஹாரர், பரமாரர், சோலங்கி, சௌஹான் நால்வரும் பிறந்த அக்னி குலக் கதையும் பிற்காலத்துச் சரக்குதான். போஜர் காலத்துக் கல்வெட்டுகளில் அந்தத் தீயின் புகைகூட இல்லை.

இதில் தெரிவது ஒன்றுதான். முதலில் வாளும் நிலமும் வந்தன. வம்சாவளி அப்புறம் வந்தது. பிராமணன், லட்சுமணன், அக்னி என்று காலத்துக்கு ஏற்ற பூர்வீகம். ராஜபுத்திரர் என்பதே பல நூற்றாண்டுகளாகப் பல இடத்து மக்கள் சேர்ந்து உருவான அடையாளம் என்று வரலாற்றாசிரியர் பி.டி. சட்டோபாத்யாயா எழுதியிருக்கிறார். இதில் கேவலம் என்ன இருக்கிறது? பிறப்பால் வந்த பெருமையைவிட உழைத்துச் சேர்த்த பெருமை மட்டமா?

ஒடுக்கப்பட்டவர்களுக்கும் ஒரு ராஜா வேண்டாமா என்று கேட்பீர்கள். ஆசை நியாயமானது. ஆனால் மரியாதை கிடைக்க ஒரு ராஜாவின் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட உடனே, அந்த மரியாதையை யார் தருவது என்ற அதிகாரத்தையும் பழைய ஆட்களிடமே கொடுத்துவிடுகிறோம்.

கன்னோஜியிலிருந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆண்டவர் போஜர். இந்த நாட்டிலேயே சிறந்த குதிரைப்படை ஜுர்ஸ் மன்னனிடம்தான் என்று 851-ல் எழுதியது அவரை எதிரியாகக் கருதிய அரபுத் தரப்பு. இந்தச் சண்டையில் அதைப் பற்றிப் பேச யாருக்கு நேரம்?

நமக்கு எதுக்கு வம்பு, இது அவங்க ஊர் சண்டை என்று நாம் ஒதுங்கிவிடலாம். ஆனால் நம் பிள்ளைகள் படிப்பது இந்த ஊர்ப் பள்ளியில். மிஹிர போஜர் யாருப்பா என்று கேட்டால் குஜ்ஜர் என்றோ ராஜபுத்திரர் என்றோ ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள். கல்வெட்டு சொல்வதைச் சொல்லுங்கள். வாயில் காப்பவன் என்ற பெயரோடு ஒரு பேரரசையே ஆண்ட குடும்பம் அது என்று சொல்லுங்கள்.