கம்பியூட்டர் படிக்கப் போறவனுக்கு வெப்பம் எதுக்கு?

சென்ற கிழமை ஒரு வாப்பா எங்களிடம் கேட்டார்: "சேர், மகன் கம்பியூட்டர் இன்ஜினியரிங்தான் செய்யப் போறான். இந்த வெப்ப இயக்கவியல் அவனுக்கு எதுக்கு? அது மெக்கானிக்கல்காரங்கட பாடம்தானே?"

அவரில் பிழையில்லை. பிழை எங்களில்தான். சூத்திரத்தையும் பாஸ்ட் பேப்பரையும் கொடுத்தோமே தவிர, அது எங்கே இருக்கிறது என்று காட்டவில்லை.

நுரைச்சோலையில் தலா 300 மெகாவொற் கொண்ட மூன்று இயந்திரங்கள். எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பாதிகூட மின்சாரமாவதில்லை. மிகுதி கடல் நீரோடும் புகையோடும் போகிறது. இது வெறும் கவனக்குறைவல்ல. எந்த வெப்ப எஞ்சினுக்கும் ஓர் உச்ச எல்லை உண்டென்று 1824இலேயே சாடி கார்னோ காட்டிவிட்டார்.

சிவில் படிப்பவருக்கு? சீமெந்து இறுகும்போது வெப்பம் வெளிவரும். பெரிய கொங்கிறீற்றில் அது அடைபட்டால் வெடிப்பு விழும். அதனால்தான் 1930களில் அமெரிக்காவின் ஹூவர் அணைக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் குழாய் பதித்துக் குளிர்நீர் ஓட்டினார்கள்.

எலெக்ட்ரிக்கல்? கூரையில் பூட்டும் சோலார் தகடு 25 பாகைக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு பாகைக்கும் அண்ணளவாக 0.4 சதவீத மின்சாரத்தை இழக்கிறது. 60 பாகையில் 14 சதவீதம் போய்விடும். நம்மூர் வெயிலில் இது சிறிய கணக்கா?

அந்த வாப்பாவின் மகனுக்கு வருவோம். கம்பியூட்டருக்குள் போகும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. அதை அகற்றத் தெரியாவிட்டால் புரோசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய டேட்டா சென்டர்களில் குளிரூட்டலே தனிச் செலவு.

ஆக, இது ஒரு துறையின் பாடமல்ல. எல்லாத் துறைக்கும் பொதுவான வரவு செலவுக் கணக்கு. சக்தியைப் புதிதாக உண்டாக்க முடியாது, மாற்றும்போது முழுவதும் பயன்படவும் மாட்டாது. இந்த இரண்டும் விளங்காத பிள்ளை 'ஏ' எடுத்தாலும் பின்னர் தடுமாறும்.

எங்கள் கோரிக்கை சிறியது. சூத்திரத்துக்கு முன்னர் பிள்ளைகளை உமி எரித்து நெல் அவிக்கும் அரிசி மில்லுக்கும், மீனுக்கு ஐஸ் அடிக்கும் இடத்துக்கும் கூட்டிப் போவோம். 0 பாகையிலுள்ள ஒரு கிலோ நீரை ஐஸாக்க 334 கிலோயூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். அந்த மெஷினின் பின்பக்கத்தில் கைவைத்துப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

மில் வைத்திருப்பவர்களே, ஒரு சனிக்கிழமை காலை கதவைத் திறந்து விடுங்கள். பிள்ளைகளை நாங்கள் கூட்டி வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.