கரைவதற்கென்றே ஒரு கம்பி

டில்லியில் தீபாவளி முடிந்த கையோடு தொடங்கும் சீசன் இது. ஆறு மாதமாகச் சும்மா தொங்கிக்கொண்டிருந்த கீசரின் சுவிட்சைத் தட்டுவார்கள். தண்ணீர் சுடாது. அல்லது செம்மண் நிறத்தில் வரும். அல்லது கீசரின் அடியிலிருந்து சொட்டத் தொடங்கும். மெக்கானிக்குக்கு ஃபோன் போகும். எலிமென்ட் போயிருந்தால் மாற்றிவிடுவார். தெர்மோஸ்டாட் என்றாலும் அப்படியே. உள்ளே இருக்கும் தொட்டி ஓட்டையாகியிருந்தால் மட்டும் உதட்டைப் பிதுக்குவார். பழையதைக் காயலான் விலைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான்.

அந்தத் தொட்டியைக் காப்பாற்றுவதற்கென்றே உள்ளே ஒரு பாகம் இருக்கிறது. விலை சில நூறு ரூபாய். ஆனால் கீசரை விற்கிறவர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

மெக்கானிக்குகள் அதை மக்னீசியம் ராட் என்பார்கள். கம்பெனிக் கையேட்டில் ஆனோடு. விரல் பருமனில் ஒரு கம்பி. அதன் வேலை, தான் அரிக்கப்படுவது. தொட்டி எஃகால் ஆனது. உட்புறத்தில் கண்ணாடிப் பொடியைச் சுட்டு உருக்கிய எனாமல் பூச்சு உண்டு. எவ்வளவு கவனமாகப் பூசினாலும் ஊசிமுனை அளவு துளைகள் எங்காவது இருந்தே தீரும். சுடுதண்ணீர் அந்தத் துளைகள் வழியேதான் எஃகைத் தின்னும். பக்கத்தில் மக்னீசியம் இருந்தால் கதை மாறுகிறது. மக்னீசியம் இரும்பைவிட வேகமாக எலக்ட்ரான்களை இழக்கும் உலோகம். எனவே அரிப்பு முழுவதையும் அது தன் மேல் வாங்கிக்கொள்கிறது. எஃகு தப்பிக்கிறது. கம்பி தீர்ந்த அன்று தொட்டியின் முறை.

யோசனை பழையது. 1824ல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடிப்பாகத்துச் செம்புத் தகடுகளைக் காப்பாற்ற, அவற்றோடு துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் பொருத்திப் பார்த்தார். செம்பு தப்பியது. ஆனால் கரையாத செம்பில் சிப்பிகள் குடியேறிக் கப்பல்களின் வேகம் குறைந்ததால் கடற்படை அதைக் கைவிட்டது. பின்னாளில் இரும்புக் கப்பல்களுக்கும் மண்ணுக்கடியில் போகும் குழாய்களுக்கும் பயன்பட்ட அதே தந்திரம்தான் இப்போது குளியலறையில் தொங்குகிறது.

கம்பி எத்தனை நாள் தாங்கும்? தண்ணீரைக் கேட்க வேண்டும். கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் வீட்டில் நாலைந்து வருடம் ஓடலாம். பெங்களூரின் வொய்ட்ஃபீல்டு, குர்காவ்ன் போன்ற போர்வெல் பகுதிகளில் இரண்டு வருடத்திலேயே தீர்ந்துபோகலாம். உப்பு போட்டு இயங்கும் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். எலிமென்டில் வெள்ளைப் படிவு சேராது என்பது உண்மை. ஆனால் சாஃப்ட்னர் தண்ணீரில் கம்பி இன்னும் வேகமாகக் கரையும்; அடுக்குமாடி சங்கக் கூட்டங்களில் யாரும் இதைப் பேசுவதில்லை. சுடுதண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதுவும் இந்தக் கம்பியோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். சிலவகை பாக்டீரியாக்களுக்கு மக்னீசியம் தோது. அலுமினியம்-துத்தநாகக் கலவைக் கம்பி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லா கீசரிலும் இது இருக்காது. செம்புத் தொட்டிக்குத் தேவையில்லை. கிளாஸ் லைன்ட் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் உள்ளே கம்பி இருக்கிறது என்று அர்த்தம்.

மாற்றுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்த இடம். சுவர் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் ஒயரில் மாட்டப்பட்டிருப்பதுண்டு. அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் இருக்கும். மெயின் போர்டில் எம்சிபியை இறக்கிவிட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கீசர் ஆறட்டும். உள்வரும் குழாயின் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கீசருக்கு அடியில் உள்வரும் இணைப்பைக் கழற்றினால் தண்ணீர் வடியும். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வடியும். வாளி கைவசம் இருக்கட்டும்.

செங்குத்தாகத் தொங்கும் கீசர்களில் அடிமூடியைத் திறந்தால் எலிமென்ட் பொருத்திய வட்டத்தட்டு தெரியும். ஒயர்கள் எங்கெங்கே இருந்தன என்பதை முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. போல்டுகளைக் கழற்றித் தட்டை இறக்கினால் எலிமென்டுக்குப் பக்கத்தில் கம்பி நிற்கும், அல்லது நின்ற இடம் தெரியும். நடுவிலுள்ள இரும்பு நரம்பு வெளியே தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மரை அளவும் நீளமும் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் பழையதைக் கடைக்கே எடுத்துப்போவதுதான் சௌகரியம். ரப்பர் கேஸ்கெட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். பழைய கேஸ்கெட் ஒழுகினால் தண்ணீர் நேராக மின் இணைப்புகள் மேல்தான் விழும். கழற்றிய எர்த் ஒயரை மறக்காமல் திரும்ப மாட்ட வேண்டும். நைந்த ஒயரையோ கருகிய முனையையோ பார்த்தால் எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

எல்லாம் மாட்டிய பிறகு அவசரம் கூடாது. வெந்நீர்க் குழாயில் காற்றுச் சத்தம் அடங்கி, தண்ணீர் சீராகக் கொட்டும்வரை தொட்டியை நிரப்பி, எங்கும் கசிவில்லை என்று பார்த்த பின்பே சுவிட்ச். காலித் தொட்டியில் எலிமென்ட் சில நிமிடங்களில் கருகிவிடும். கம்பி மாற்றிய தேதியை மார்க்கர் பேனாவால் கீசரின் மேலேயே எழுதி வைக்கலாம். அடுத்த மெக்கானிக் படிப்பார்.