இரக்கமும் கீழ்ப்படிதலும்: ஓர் ஒப்பீட்டு முடிபின் மறுப்பு

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) முதலான கிறித்தவப் பனுவல்களைச் சைவ, வைணவ நூல்களோடு ஒப்பிடும் ஆய்வுரைகளில் ஒரு முடிபு மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது. நம் சமய மரபில் இறையருள் காரணமின்றிச் சுரப்பது. கிறித்தவத்திலோ கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார்க்கே இறைவனின் இரக்கம் கிட்டும். ஆகவே அஃது ஆண்டான் அடிமை உறவின் சமயம் என்பதே அம்முடிபு. வைணவத்திலேயே வடகலையாரும் தென்கலையாரும் குரங்குக்குட்டியையும் பூனைக்குட்டியையும் உவமை காட்டி, அருளுக்கு உயிரின் முயற்சி வேண்டுமா என வாதிட்டதை அறிந்தோர் ‘நம் மரபு’ என ஒருமையில் பேசுவது வியப்பிற்குரியது. அது நிற்க. கிறித்தவம் பற்றிய பகுதியும் பிழையே. மொழிபெயர்ப்பில் நின்ற ஒரு சொல்லை மூலத்தின் கோட்பாடாகக் கொண்டதால் நேர்ந்த பிழை அது.

அச்சொல் ‘கீழ்ப்படிதல்’. பரவலாக வழங்கும் பழைய தமிழ் விவிலியத்தில் வெவ்வேறு கிரேக்க வினைகளுக்கு இவ்வொரு சொல்லே நிற்கின்றது. கொலோசெயர் நிருபம் 3ஆம் அதிகாரத்தை நோக்குக. 18ஆம் வசனத்தில் மனைவியர்க்குச் சொல்லப்படுவது ‘ஹுப்பொதஸ்ஸோ’. வரிசை முறையில் ஒருவர்க்குக் கீழ் அமைதல் என்பது அதன் பொருள். 20ஆம் வசனத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவது ‘ஹுப்பகூஓ’. ‘கேட்டல்’ எனப் பொருள்படும் ‘அகூஓ’ என்பதன் அடியாகப் பிறந்தது. தமிழில் இரண்டும் கீழ்ப்படிதலே. அரசதிகாரம் பற்றிய ரோமர் 13:1இல் வருவது முன்னது. இயேசு மரணம்வரை கீழ்ப்படிந்ததைக் கூறும் பிலிப்பியர் 2:8இல் வருவது பின்னதன் இனச்சொல். எபிரேயத்திலோ ‘ஷாமா’ என்னும் ஒரே வினையை உபாகமம் 6:4இல் ‘கேள்’ எனவும், 1 சாமுவேல் 15:22இல் ‘கீழ்ப்படிதல்’ எனவும் பெயர்த்துள்ளனர். ‘சொல் கேளாப் பிள்ளை’ என்று இன்றும் வழங்கும் மொழி நம்முடையது. செவியால் கேட்டலையும் சொற்படி நடத்தலையும் ஒரே வினையில் அடக்கும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. ‘கீழ்’ என்பது தரும் மேல்கீழ் உருவம் அவ்வெபிரேய வினையில் இல்லை.

வேர்ச்சொல்லைக் கொண்டு இறையியல் கட்டுதல் பெரும்பிழை என ஜேம்ஸ் பார் 1961ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை எனக்கும் உரியதே. ஆதலின் சொல்லை விடுத்து நிகழ்ச்சி வரிசையைக் காண்போம். யாத்திராகமம் 20இல் முதற் கட்டளைக்கு முன் நிற்பது, அடிமை வீட்டினின்று மீட்டேன் என்னும் அறிவிப்பு. மீட்பு முன்னது; கட்டளை பின்னது.

லூக்கா 15இல் உள்ள உவமையைக் ‘கெட்ட குமாரன்’ எனப் பெயரிட்டு வழங்கியதால் மூத்த மகனை மறந்துவிட்டோம். இளையவன் வாய் திறக்குமுன் தந்தை ஓடிச் சென்று தழுவுகின்றார். கூலியாளாக வைத்துக்கொள்ளுமாறு வேண்டுவதே அவன் எண்ணம். அவ்வேண்டுகோளுக்கு அங்கே இடமே எழவில்லை. மூத்தவனோ ஒருபோதும் கட்டளை மீறாதவன். தன் வாழ்வைச் சுட்ட அவன் ஆளும் கிரேக்க வினை அடிமைத்தொழிலைக் குறிப்பது. தமிழில் அது ‘ஊழியம்’ என மென்மை பெற்றது. ஆண்டான் அடிமைக் கணக்கைப் பேசுபவன் அவனே. அவன் வீட்டிற்கு வெளியே நிற்கின்றான். அவனை அழைக்கவும் தந்தையே வெளியே வருகின்றார். நம் ஒப்பீட்டாளர் மூத்த மகனின் முறையீட்டைத் தந்தையின் கொள்கையாக எழுதிவிட்டனர்.

மத்தேயு 18இல் மன்னிப்புப் பெற்ற ஊழியக்காரன் மீண்டும் தண்டிக்கப்படுகின்றானே, இரக்கம் நிபந்தனைக்கு உட்பட்டதன்றோ என வினவலாம். வலுவான வினாதான். எனினும் அங்கும் கடன் முதலில் தள்ளுபடியாகின்றது. பின்னர் அவன்மீது சாற்றப்படும் குற்றம், உடன் ஊழியக்காரனுக்கு இரங்காமை. பெற்ற இரக்கத்தைப் பிறர்க்கு மறுத்தலே அங்குக் கீழ்ப்படியாமை. ஓசியா 6:6இல் பலியினும் இரக்கமே வேண்டும் எனக் கூறப்பட்டதை இயேசு மத்தேயு 9:13, 12:7 என ஈரிடத்தில் எடுத்தாள்வதும் இக்கருத்தினதே. பவுல் ரோமர் 11:32இல் இன்னும் துணிந்து, எல்லார்க்கும் இரங்கும்பொருட்டே கடவுள் எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்தார் என்கின்றார். இரக்கம் கீழ்ப்படிதலுக்குக் கூலியாயின் இவ்வாக்கியத்திற்குப் பொருளே இல்லை.

மனைவியரையும் ஒடுக்கப்பட்டோரையும் நோக்கிக் ‘கீழ்ப்படி’ என்றே முழங்கிய பிரசங்கங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆய்வாளரின் சினம் அவற்றின்பால் நியாயமானது. ஆனால் அப்பிரசங்கம் தந்த பொருளையே கிறித்தவத்தின் பொருள் என அவர்களும் ஒப்புக்கொள்கின்றனர். மனிதரினும் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என யூதச் சங்கத்தின் தடையை அப்போஸ்தலர் மறுத்தது அதே நூலில்தான் (அப்போஸ்தலர் 5:29). ஒப்பீட்டாளரின் முடிபை ஏற்றால், அவ்வசனத்தைக் காட்டி எதிர்த்து நிற்கும் பெண்ணுக்குத் தன் சமயத்துள்ளேயே வாதிட இடமில்லாது போகும்.