விதைத் தோலுக்குள்ளே ஒரு காவல்காரன்

முப்பது வருஷம் வங்கியில் கடன் ஃபைல் புரட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு முத்தையாபுரம் பக்கம் உளுந்து போட்டேன். முதல் அறுவடையில் செடியைக் களத்தில் பரப்பி டிராக்டரை ஏற்றினேன். வேலை சீக்கிரம் முடிஞ்சுது. அந்த விதையையே மறு வருஷம் விதைத்தேன். பாதிக்கு மேல் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போச்சு.

"விதைக்கு மருந்து கலக்கலையா சார்?" என்று பலரும் கேட்டார்கள். பக்கத்து வயல் அண்ணாச்சி மட்டும் மிச்ச விதையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "தோலு கீறியிருக்கே சார், இது எப்படி முளைக்கும்?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் அறிவியல் இருக்கு. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1992ல் முள்ளங்கி விதையிலிருந்து பூஞ்சையைத் தடுக்கும் குட்டிப் புரதங்களைப் பிரித்தெடுத்தார்கள். டிஃபென்சின் என்ற வகை அது. விதையின் வெளி அடுக்குகளில்தான் அதிகம் இருக்கு. முளைக்கும்போது தோல் கிழிந்ததும் வெளியே கசியும் புரதத்தில் சுமார் 30 சதவீதம் இதுதான் என்று 1995ல் எழுதினார்கள். முளையைச் சுற்றிப் பூஞ்சை வளரவிடாமல் அது காவல் நிற்குது. பாசிப்பயறு, தட்டைப்பயறு, வெந்தயம் விதைகளிலும் இந்த வகைப் புரதம் உண்டு.

முன்கூட்டியே கீறிய தோல் வழியாக விதையின் சர்க்கரை மண்ணில் கசியும். பூஞ்சைக்கு அது விருந்து. காவல்காரன் தனியாளா எத்தனை பேரைச் சமாளிப்பான்? என் உளுந்து அழுகியதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

2000ல் மான்சாண்டோ ஆய்வாளர்கள் குதிரைமசால் விதையின் டிஃபென்சின் மரபணுவை உருளைக்கிழங்குக்குள் புகுத்தினார்கள். விதை தானாகவே வைத்திருக்கிற காவலைக் கெடுக்காமல் காப்பாற்றுவதுதான் நம்ம வழி என்பேன்.

இது சர்வரோக நிவாரணி இல்லை. வெள்ளை ஈ சுமந்து வரும் மஞ்சள் தேமலுக்கு இந்தக் காவல் உதவாது. உப்பு கூடினால் இந்தப் புரதங்களின் வேகம் குறைவதையும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். நம்ம ஊர்த் தண்ணி தெரிஞ்சதுதானே! அதனால் விதை ஊறவைக்க நல்ல தண்ணியையே எடுங்க.

விதைக்கான செடியைத் தனியாக ஒதுக்கி, கம்பால் மெதுவாகத் தட்டுங்க. கீறல், சுருக்கம் விழுந்ததைப் பொறுக்கித் தள்ளுங்க. விதைக்கும் முன் 100 விதையை ஈரச்சாக்கில் முடிந்து பாருங்க. 75க்குக் குறைவாக முளைத்தால் அது விதை இல்லை, பருப்பு.

நான் பார்த்த கடன் மனுக்களில் மருந்துச் செலவு தவறாமல் இருந்தது. விதையைக் கையால் தட்டும் கூலியை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இப்போ என் கணக்கு நோட்டில் முதல் வரி அந்தக் கூலிதான்.